இரண்டாம் பதிப்பில் இல்லாத காதலன்

தம்பி எழுதிய நாவலை அக்கா இரண்டே நாளில் படித்து முடித்தாள். மனம் பேதலித்து எட்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்த அவளுடைய கதைதான் அது.

“யாருடா அந்தப் பையன்?” என்றாள்.

“எந்தப் பையன்க்கா?”

“என்னைக் காதலிச்சுக் கைவிட்டானே, அவன்.”

“அது கற்பனைக்கா. பைத்தியம் பிடிக்க ஒரு காரணம் வேணும்ல?”

“தையல் கம்பெனியில பாத்ரூம் போக விடலையேன்னு கேட்டதுக்கு, பதினோரு நாள் சுவரைப் பார்த்து நிக்க வெச்சாங்களே, அது பத்தாதா?”

“அதை யாருக்கா நம்புவாங்க?”

“நின்னவளுங்க நம்புவாளுங்க.”

தம்பி புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனான். இரண்டாம் பதிப்பில் காதலன் இல்லை, சுவர் இருந்தது. கதை நம்பும்படி இல்லை என்று விமர்சகர்கள் எழுதினார்கள். அந்த வாரமே கம்பெனியிலிருந்து ஏழு பெண்கள் அக்காவைத் தேடி வந்தார்கள். நாற்காலி போதாமல் எல்லாரும் தரையிலேயே உட்கார்ந்தார்கள்.