இரண்டாம் பெஞ்சுக்காரியின் நிலம்

1936 மார்ச் பதினேழாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணிக்கு, பிரான்சில் பர்கண்டி வட்டாரத்துக் கோர்வினி ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கூடியிருந்தவர்கள்: கரும்பலகைக்கு முன்னால் ஆசிரியரின் மேசையில், டிஜோனிலிருந்து வந்த, திராட்சை நிலங்களின் தரப்பட்டியல் குழுவின் எழுத்தர் ரெனார். அவருக்கு வலப்பக்கம் ஊர்த்தலைவர். முதல் பெஞ்சில், மலைச்சரிவின் நட்டநடுவில் நிலம் வைத்திருந்த இரண்டு குடும்பத்தார். இரண்டாம் பெஞ்சில், அதை ஒட்டிய நிலத்துக்காரர்கள் ஏழு பேர். மூன்றாம் பெஞ்சில், சாலையோரத்துக்காரர்கள். கடைசிப் பெஞ்சில், அடுப்புக்குப் பக்கத்தில், சாலைக்குக் கீழே தவளை கத்தும் பள்ளத்தில் கொடி நட்டவர்கள். சொலாஞ்ச் பெருஷோ உட்கார்ந்திருக்க வேண்டிய இடம் இரண்டாம் பெஞ்சின் சுவரோரம். உட்கார்ந்திருந்தது கடைசிப் பெஞ்சில். எமில் பெர்த்தோ உட்கார்ந்திருக்க வேண்டிய இடம் கடைசிப் பெஞ்ச். உட்கார்ந்திருந்தது அந்தச் சுவரோரத்தில். இதனால்தான் அவளுடைய அரை ஏக்கர் நிலம் கொடி, கல், கம்பி அத்தனையோடும் தரையைவிட்டுக் கிளம்பி ஆகாயத்தில் நிற்கிறது.

கோர்வினியில் யாரும் இஷ்டப்பட்ட இடத்தில் உட்காருவதில்லை. மலையில் நிலம் எந்த வரிசையில் இருக்கிறதோ அதே வரிசைதான் சர்ச்சிலும், கல்யாணப் பந்தியிலும், சவ ஊர்வலத்திலும். சொலாஞ்சின் அப்பா செத்தபின் சுவரோர இடம் அவளுக்கு வந்தது. அன்றைக்குக் காலதாமதமாக வந்த பெர்த்தோ, பழைய போரில் குண்டு பட்ட காலைக் காட்டினார்.

"ஏம்மா சொலாஞ்ச், கால மடக்க முடியலம்மா. இந்தச் செவுத்தோரம் நீட்டிக்கிறேன். நீ அடுப்புப் பக்கம் போயேன், கதகதன்னு இருக்கும்."

"கூட்டம்னு வந்தாத்தான் உங்க கால் வலிக்குது. உக்காருங்க" என்று எழுந்து போனாள். நாலு பேர் சிரித்தார்கள்.

ரெனாருக்குப் பன்னிரண்டு மணி ரயிலைப் பிடிக்க வேண்டியிருந்தது. நாற்பத்தொரு நிலங்களையும் ஏறி இறங்கிப் பார்க்க அவருக்கு நேரமும் இல்லை, மனமும் இல்லை. ஊர் வழக்கத்தைப் பள்ளி ஆசிரியர் சொல்லியிருந்ததால், பெஞ்சைப் பார்த்து எழுதினார்; எழுதியதை யாருக்கும் படித்துக் காட்டவில்லை. முதல் பெஞ்சுக்குப் பெருந்தரம், இரண்டாம் பெஞ்சுக்கு முதல் தரம், மூன்றாவதுக்கு ஊர்ப்பெயர்த் தரம், கடைசிக்கு வெறும் வட்டாரத் தரம். சுவரோரத்தில் இருப்பவர் பெயர் என்ன என்று கேட்டார். பெர்த்தோ தன் பெயரைச் சொன்னார். அவ்வளவுதான் அவர் செய்தது. காலையும் நீட்டிக்கொண்டார்.

ஜூலையில் அச்சடித்த பட்டியல் தபாலில் வந்தது. ஜூலை வரைக்கும் தண்ணீர் வடியாத பெர்த்தோவின் பள்ளம் முதல் தரம். மூன்று தலைமுறையாக வெள்ளைக் கல்லைப் பொறுக்கிப் பொறுக்கிப் பினோ திராட்சைக் கொடி வளர்த்த சோர்ப் நிலம், அதாவது சொலாஞ்சின் நிலம், வட்டாரத் தரம். இனி அவள் தன் புட்டியில் சோர்ப் என்ற பெயரை எழுதக் கூடாது. ஊர்ப் பெயரைக்கூட எழுதக் கூடாது. பட்டியலைக் கையில் சுருட்டிக்கொண்டு அவள் பெர்த்தோவின் முற்றத்துக்குப் போனாள்.

"எழுதினது நானாம்மா?" என்றார் அவர்.

"எழுதறப்ப உங்க வாய் எங்க போச்சு?"

"கேட்டிருந்தா சொல்லிருப்பேன். யாரும் கேக்கலியே."

"தவளப் பள்ளத்துக்கு முதல் தரம். உங்க ஒயினக் குடிச்சா தவளையே தும்மும்."

"அதெல்லாம் பழைய கணக்கு. இனிமே பட்டியல்ல இருக்கறதுதாம்மா ருசி."

அவள் திரும்பி நடந்தாள். மறுநாள் காலை ஏழு மணிக்கு சோர்ப் நிலம் தரையிலிருந்து இரண்டு முழம் மேலே இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் ஆள் உயரம். செப்டம்பரில் சர்ச் கூரைக்குச் சமமாக நின்றது. கீழே இடுப்பளவு ஆழத்தில், நிலத்தின் அளவுக்கே ஒரு குழி கிடந்தது. ஏணி வைத்து ஏறிப் பழம் பறித்தார்கள். கூடைகளைக் கயிற்றில் இறக்கினார்கள். கூலிக்கு வந்தவர்கள் ஏணிக்காகத் தனியாக ஒரு கோப்பை ஒயின் கேட்டார்கள், அவளும் கொடுத்தாள். அந்த ஆண்டு பழம் நன்றாக இருந்தது.

அவள் குழுவுக்குக் கடிதம் எழுதினாள். சோர்ப் நிலம் சாலைக்குக் கீழே இருப்பதாகத் தங்கள் ஏட்டில் இருப்பதால், சாலைக்கு மேலே உள்ளதாகச் சொல்லப்படும் நிலம் வேறு எதுவாகவோ இருக்க வேண்டும் என்று பதில் வந்தது. நிலம் இப்போது எதற்கும் கீழே இல்லை என்று எழுதினாள். தரம் பிரிக்கும் முறை தெரியாமல் முறையிடுவதாகவும், முதலில் கற்றுக்கொள்ளுமாறும் பதில் வந்தது.

கற்றுக்கொண்டாள். ஆத்திரத்தில் படிக்கிறவர்களுக்குத் தூக்கம் வருவதில்லை, மறதியும் வருவதில்லை. பர்கண்டியின் வரைபடங்களை வாங்கிச் சமையலறைச் சுவரில் ஒட்டினாள். எந்த ஊரின் எந்தத் துண்டு எந்தத் தரம், எங்கே கறுப்புப் பினோ, எங்கே வெள்ளை ஷார்டொனே, எந்தச் சுவர்க் கல்லோடு பெருந்தரம் முடிகிறது, அந்தச் சுவரை யாருடைய தாத்தா நகர்த்திக் கட்டினார் என்பதெல்லாம் நாலு ஆண்டில் அவளுக்கு மனப்பாடம். ஆகாயத்தில் கொடி வெட்டும்போது பட்டியலை உரக்கச் சொல்வாள். கீழே வண்டிப்பாதையில் போகிறவர்களுக்கு அது சாபம் மாதிரிதான் கேட்கும். சனிக்கிழமைச் சந்தையில் எந்தப் பீப்பாய் ஒயினை நீட்டினாலும் ஊர், சரிவு, ஆண்டு மூன்றையும் சொன்னாள். ஒருதடவைகூடத் தப்பவில்லை. அதற்குப் பிறகு வியாபாரிகள் அவளைக் கண்டால் கோப்பையைக் கவிழ்த்து வைத்தார்கள்.

இதற்கிடையில் நிலம் நகர ஆரம்பித்தது. ஆண்டுக்கு இருபது தப்படி, சரிவில் கீழ்நோக்கி. போரின்போது ஊரைப் பிடித்திருந்த ஜெர்மானியர்கள் அதை இரண்டு முறை சுட்டுப் பார்த்தார்கள். கொஞ்சம் சரளைக்கல் விழுந்தது. தங்கள் வரைபடத்தில் மேகம் என்று குறித்துக்கொண்டார்கள். அவர்கள் ஊரைவிட்டுப் போன ஆண்டில் அது சாலைக்கு நேர் மேலே வந்தது. 1946 அறுவடையில் பெர்த்தோவின் பள்ளத்துக்கு நேர் மேலே வந்து நின்றது, மூடி வைத்ததுபோல. முதல் தரப் பழங்கள் அக்டோபரிலும் பச்சைப் பட்டாணியாகவே இருந்தன.

பெர்த்தோ புகார் கொடுத்ததால் குழுவிலிருந்து விசாரிக்க வந்தார்கள். வந்தது ரெனார்தான்; இப்போது ஆய்வாளர். நிழலில் நின்று மேலே பார்த்து, தொப்பியில் விழுந்த மண்ணைத் தட்டிவிட்டு, விதிப் புத்தகத்தைப் புரட்டினார்.

"நெலம் மேல நிக்கக் கூடாதுன்னு எங்கயும் இல்ல. கொடி மண்ணுல இருக்கணும். மண்ணு இருக்கு."

சொலாஞ்ச் அவரை நிலவறைக்குக் கூட்டிப்போய் இரண்டு வெள்ளிச் சுவைக்கிண்ணங்களில் ஒயின் ஊற்றி நீட்டினாள். எது யாருடையது என்று சொல்லவில்லை. அவர் முதலாவதை வாயில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். "இது முதல் தரம். சொல்லப்போனா அதுக்கும் மேல." இரண்டாவதைத் துப்பினார். "இதுல ஜன்னல் தொடைக்கலாம்."

"நீங்க தொடைக்கச் சொன்னது பெர்த்தோவோடது. ஒங்க பட்டியல்ல முதல் தரம்."

ரெனார் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "நாக்குக்கு முத்திரை கிடையாதும்மா. காகிதத்துக்குத்தான் உண்டு."

"அப்ப நாக்க வீட்டுல வெச்சிட்டு வரலாமே. எதுக்குச் சுமக்கறீங்க?"

அவருக்கு முகம் சிவந்தது. ஒரே வழிதான் இருக்கிறது என்றார்: அந்த இடத்தில் உட்கார்ந்தவரே கைப்பட எழுதித் தர வேண்டும். பெர்த்தோ மாட்டேன் என்றார். குளிர்காலம் முழுக்க மாட்டேன் என்றார். ஏப்ரலில் சோர்ப் நிலம் இறங்க ஆரம்பித்தது, நாளுக்கு ஒரு சாண். ஜூன் மாதத்தில் அதன் வேர்கள் அவருடைய கொடி நுனிகளைத் தொட்டு, முறுக்கிப் பிடித்தன. ஒரு திங்கட்கிழமை, பள்ளத்தில் குனிந்து நடக்கக்கூட இடம் இல்லாமல் தவழ்ந்து வெளியே வந்தவர், நேராக அவள் வீட்டுக்குப் போனார்.

"எழுதறேன். காகிதம் குடு."

"இங்க இல்ல. நாளைக்குப் பள்ளிக்கூடத்துல."

1947 ஜூன் பதினேழாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. சொலாஞ்ச் இரண்டாம் பெஞ்சின் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். பெர்த்தோவைக் கடைசிப் பெஞ்சுக்குப் போகச் சொன்னாள். அந்தக் கோடையில் அடுப்பை மூட்டி வைத்திருந்தாள்.

"கதகதன்னு இருக்கா, பெரியவரே?"

அவர் சட்டைக் கழுத்தைத் தளர்த்திக்கொண்டார். "ரெண்டு வரி போதுமில்ல?"

"பதினோரு வருஷம் ஆயிருக்கு. முழுசா எழுதுங்க. யார் யாரு எங்க உக்காந்திருந்தாங்கன்னு ஆரம்பிங்க."

அவர் எழுதினார். வியர்வை சொட்டி இரண்டு இடத்தில் மை கரைந்தது. அவள் வாங்கி நின்றபடியே படித்தாள். ஒரு இடத்தில் விரலை வைத்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"தெரியாமல் உட்கார்ந்தேன்னு போட்டிருக்கு. அந்தத் தெரியாமல்ங்கறத அடிங்க."

"அது சும்மா ஒரு மரியாதைக்கும்மா."

"அடிங்க."

அடித்தார். கையெழுத்துப் போட்டார். நிலம் இனி மேலே போய்விடுமா என்று கேட்டார். அது அதனுடைய இஷ்டம், நான் அதைப் போகச் சொன்னதும் இல்லை, வரச் சொன்னதும் இல்லை என்றாள் அவள். பிறகு அடுப்பின் மேல் புட்டிக் கழுத்துக்குப் பூசும் சிவப்பு அரக்கை உருக்கி, உறையின் மேல் கெட்டியாக ஊற்றி, அப்பாவின் வெள்ளிக் கிண்ணத்தின் அடிப்பாகத்தை அதில் அழுத்தினாள். ஆறுகிற வரைக்கும் கையை எடுக்கவில்லை. வாசலில் காத்திருந்த தபால்காரர் மர்சலேன் கடிதத்தைப் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளில் ஏறினார். காலையில் மழை பெய்திருந்ததால் சோர்ப் நிலம் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. பள்ளத்தோரம் வந்ததும் வழக்கம்போல ஒரு கையால் குடையை விரித்து, வேர்கள் உரசாமல் தலையைத் தாழ்த்தி, அதைக் கடந்து டிஜோன் சாலையில் போனார்.