ஒரே வேலைக்கு இரண்டு பேர்

கணவன் உள்ளே போய்க் கதவு சாத்தப்பட்டதிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. காத்திருப்பவர்களுக்கென்று நடைவழியில் பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒரே இரும்புச் சட்டத்தில் பிணைத்துப் போட்டிருந்தார்கள். அவள் கால் மாற்றி உட்கார்ந்தால் மொத்த வரிசையும் கிறீச்சிட்டது. நேர்முகத் தேர்வுக்கு வந்த மற்றவர்கள் எல்லாரும் காலையிலேயே முடித்துக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சம் இவர்கள் இருவர்தான்.

குடிநீர் வாரியத்தில் வேலை ஒன்று. வந்திருப்பது புருஷனும் பெண்டாட்டியும். விஷயத்தைக் கேள்விப்பட்டதும் அவளுடைய அம்மா, வீட்டுக்கு ஒருத்தர் போனால் போதாதா என்று கேட்டாள். அம்மாவுக்கு எப்படிப் புரிய வைப்பது? இருவரும் படித்தது ஒரே படிப்பு, செய்தது ஒரே ஆராய்ச்சி, எழுதிய கட்டுரைகளிலெல்லாம் இரண்டு பெயரும் பக்கத்தில் பக்கத்தில். அந்தத் துறையில் நிரந்தர வேலை என்பது அத்தி பூத்தாற்போல் வரும். நீ போ, இல்லை நீ போ என்று மாற்றி மாற்றிச் சண்டை போட்டுவிட்டுக் கடைசியில் இருவருமே விண்ணப்பித்தார்கள். யாருக்குக் கிடைத்தாலும் மற்றவர் மனசார சந்தோஷப்பட வேண்டும் என்பது ஒப்பந்தம். ஒப்பந்தம் போடும்போது எல்லாருக்கும் பெருந்தன்மை வந்துவிடும். கதவு சாத்தும்போதுதான் அது எங்கேயோ போய்விடுகிறது.

இப்போது அவள் ஓர் ஊரில், அவன் ஓர் ஊரில். இரண்டு பேருக்கும் தற்காலிக வேலை. மகள் அவனோடும் மாமியாரோடும் இருந்தாள். வாரக் கடைசியில் அவள் ரயிலேறிப் போனால், முதல் நாள் முழுக்கக் குழந்தை ஒட்டாது; ஒட்டிக்கொள்ளும் நேரத்தில் ரயில் வந்துவிடும். அவளுடைய வேலை ஒப்பந்தம் இந்தக் கோடையோடு முடிகிறது. இதுவும் கைவிட்டுப் போனால் அவள் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

அவர்கள் சந்தித்த கதையைச் சொல்ல வேண்டும். ஏனென்றால் அவளை அரித்துக்கொண்டிருந்ததே அந்தக் கதைதான்.

முனைவர் பட்டத்துக்கு அவர்கள் சேர்ந்த ஆய்வகம் ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. ஜன்னல் கிடையாது, செல்போனில் சிக்னல் கிடையாது. பக்கத்தில் இருக்கும் ஆளைப் பார்ப்பதைத் தவிர வேறு பொழுதுபோக்கும் கிடையாது. அதனாலோ என்னவோ அந்த ஒரு அறையில் மூன்று காதல் கல்யாணங்கள் கூடின. வேலை என்னவென்றால், மண்ணுக்கடியில் புதைத்த தண்ணீர்க் குழாயில் எங்கே ஓட்டை என்று தோண்டாமலே கண்டுபிடிப்பது. குழாய்மேல் ஒலிவாங்கியை ஒட்டவைத்து, ஹெட்போன் மாட்டிக்கொண்டு, தண்ணீர் ஓடும் சத்தத்துக்குள் கசியும் சத்தத்தைத் தேடுவார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு சந்தையில் ஒரு குரலைத் தேடுகிற வேலை. அவளுக்குக் கூர்மையான காது. அவனுக்கு ஓயாத வாய். கூடப் படித்தவர்கள் இருவரையும் சேர்த்து ‘வாயும் காதும்’ என்றே கூப்பிட்டார்கள்.

ஒரு நாள் பம்பு இயக்குபவர் பம்பை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனார். அவள் ஹெட்போனைக் கழற்ற மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் வடிந்து குழாய் காலியாகும்போது, ஓட்டை வழியாகக் காற்று உள்ளே இழுபடும் சத்தம், வேறு எந்தச் சத்தமும் குறுக்கிடாமல், பளிச்சென்று கேட்டது. தண்ணீர் ஓடும்போது ஏன் தேட வேண்டும், நிறுத்திவிட்டுக் கேட்டால் என்ன என்று அவள் திரும்பிச் சொன்னாள். பக்கத்தில் இருந்தவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைக்குத்தான் அவன் தன் காதலையும் சொன்னான். இருவருக்கும் பட்டம் வாங்கிக் கொடுத்தது அந்த யோசனை. அவர்கள் பெயரைத் துறையில் நாலு பேர் அறிந்ததும் அதனால்தான்.

ஆனால் ஊருக்கெல்லாம் தெரிந்த கதை வேறு. கல்யாண வரவேற்பில் அவன் முதல்முறையாக அதைச் சொன்னபோது ஹெட்போன் அவன் தலைக்கு இடம் மாறியிருந்தது. “நான்தான் கழட்ட மறந்து உக்காந்திருந்தேன், இவ அழகுல மயங்கி” என்றான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அவளும் சிரித்தாள். அதற்குப் பிறகு போகிற விருந்துகளிலெல்லாம் கண், காது, மூக்கு வைத்து அவன் அதையே சொன்னான். நாலு பேர் முன்னால் புருஷனைத் திருத்துவதா என்று அவளும் விட்டுவிட்டாள். விட்டுவிட்ட விஷயம் எங்கேயும் போகவில்லை, உள்ளே உட்கார்ந்து கனத்தது.

கைப்பையில் போன் அதிர்ந்தது. அடித்தளத்து அக்கா. அதே ஆய்வகத்தில் இவர்களுக்கு முந்தைய வருடம் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டவள். சேர்ந்து செய்த ஆராய்ச்சியைக் காட்டிக் கணவர் பேராசிரியர் ஆகிவிட்டார். அக்கா அதே கல்லூரியில் யார் விடுப்பு எடுக்கிறார்களோ அவர்கள் வகுப்பைப் பார்த்துக்கொள்கிறாள். அவன் உள்ளேதான் இருக்கிறானா என்று அக்கா கேட்டாள். ஆமாம் என்றதும், அந்தத் தேர்வுக் குழுவினர் ஜோடியாக வந்தால் யோசனை யாருடையது என்று கட்டாயம் கேட்பார்கள் என்றாள்.

“அவன் அந்தப் பழைய கதையத்தான் அளந்துட்டிருப்பான். அவன் கெட்டவன்னு சொல்லல. சொல்லிச் சொல்லி அவனே நம்பிட்டான். நீ உன்னோடத வாயத் திறந்து கேட்டு வாங்கிக்கோ. என்னை மாதிரி அப்புறம் பேசிக்கலாம்னு இருந்துடாத.”

அவள் போனைக் கைப்பைக்குள் போட்டாள். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. அவன் பேசினால் எந்த அறையும் சிரிக்கும். முன்னெல்லாம் அந்தச் சிரிப்பைக் கேட்டால் அவளுக்குப் பெருமையாக இருக்கும். இன்றைக்கு ஒவ்வொரு சிரிப்பும் அவள் கையிலிருந்து எதையோ பிடுங்குவதுபோல் இருந்தது. கடவுளே, அந்தக் கதையை மட்டும் சொல்லாமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

கதவு திறந்தது. அவன் முகமெல்லாம் சிரிப்போடு வந்தான். பின்னாலேயே அலுவலக உதவியாளர் தலையை நீட்டி அவளைக் கூப்பிட்டார். அவர்களுக்குப் பேச நேரமே கிடைக்கவில்லை.

“நல்ல மாதிரி பேசறாங்க, பயப்படாத. நம்ம எப்படிச் சந்திச்சோம்னு கேட்டாங்க, சொல்லிட்டேன்” என்று அவள் தோளைத் தட்டிவிட்டு வழிவிட்டான்.

சொல்லிவிட்டானாம்.

உள்ளே மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் தலைமைப் பொறியாளர் அம்மா, இரண்டு பக்கமும் இரண்டு நிபுணர்கள். மேஜைமேல் அவன் குடித்து வைத்த தண்ணீர் டம்ளர் அப்படியே இருந்தது. முதல் கேள்விகளுக்கு அவள் என்ன பதில் சொன்னாள் என்பது அவளுக்கே பிறகு நினைவில்லை. தப்பாகச் சொல்லவில்லை, அவ்வளவுதான். மனசு முழுக்க வரப்போகும் அந்தக் கேள்வியிலேயே இருந்தது.

வந்தது. எல்லாக் கட்டுரையும் சேர்ந்தே எழுதியிருக்கிறீர்கள், இதில் உங்கள் பங்கு என்ன, கணவரின் பங்கு என்ன என்று பொறியாளர் அம்மா கேட்டார்.

“யோசனை என்னோடது மேடம். பம்பு நின்னப்ப ஹெட்போன் போட்டிருந்தது நான்தான். அவர் கதையா சொன்னா யாருக்கும் நம்பத் தோணும், ஆனா நடந்தது அது இல்ல.”

பொறியாளர் அம்மா ஒன்றும் மறுக்கவில்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம். நியாயமும் அதுவரைக்கும்தான். அவர் மறுபடியும் நிதானமாக, சரி, கணவரின் பங்கு என்று கேட்டார். வருடக்கணக்காக அடைத்து வைத்தது அப்போதுதான் உடைத்துக்கொண்டு வந்தது.

“அவருக்குப் பேச வரும். கணக்கு, ஆய்வு, எழுத்து எல்லாம் நான். அவரத் தனியா விட்டா ஒரு கட்டுரைகூட வெளிய வராது.”

சொல்லும்போதே அது முழு உண்மை இல்லை என்று அவளுக்குத் தெரியும். அடித்தளத்தில் பிறந்த யோசனையைத் தெருவுக்குக் கொண்டுபோனவன் அவன். வெயிலில் தெருத்தெருவாக அலைந்து, வால்வு திறப்பவர்களோடு டீ குடித்து, அவர்கள் வீட்டுச் சண்டையெல்லாம் கேட்டு, இவர்களுக்கு வேண்டிய நேரத்தில் தண்ணீரை நிறுத்த வைத்தவன் அவன். அவனுடைய அந்த வாய் இல்லாவிட்டால் அவளுடைய கணக்குக்குப் போட எண்ணே கிடைத்திருக்காது. இதெல்லாம் தெரிந்தும் அந்த நிமிஷத்தில் சொல்ல வரவில்லை. பயந்தவளுக்குத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் தோன்றியது.

ஒரு நிபுணர் ஏதோ குறித்துக்கொண்டார். பொறியாளர் அம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

“யோசனை உங்களோடதுன்னு அவரே சொல்லிட்டார்மா. விருந்துல சிரிக்கறதுக்காக மாத்திச் சொல்லுவேன், இங்க அப்படிச் சொன்னா அது திருட்டுன்னார். உங்களப் பத்தி அவ்வளவு உயர்வா பேசினார்.”

அவள் மேஜைமேல் இருந்த அவனுடைய டம்ளரைப் பார்த்தாள்.

அவர் சொல்லி முடிக்கவில்லை. நகரம் முழுக்கக் குழாய்களைச் சோதிக்கும் களப்பணிக்கு இன்னொரு இடம் இப்போதுதான் அனுமதியாகி வந்திருக்கிறதாம், இன்னும் வெளியே அறிவிக்கவில்லையாம். அவனைப் பார்த்ததும் அதற்குப் பொருத்தமாக இருப்பானோ என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. கூட வேலை பார்த்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் அவளிடம் அந்தக் கேள்வி.

அவள் பதறிக்கொண்டு வால்வுக்காரர்களைப் பற்றிச் சொன்னாள், வெயிலைப் பற்றிச் சொன்னாள், களப்பணி முழுக்க அவர்தான் மேடம், நான் ஏதோ வேகத்தில் பேசிவிட்டேன் என்று சொன்னாள். கேட்டுக்கொண்டார்கள். ஓரத்தில் இருந்த நிபுணர் அனுதாபமாகப் புன்னகைத்தார். முதலில் சொன்னதைச் சாட்சி என்று எடுத்துக்கொண்டார்கள். இரண்டாவது சொன்னதைப் பெண்டாட்டியின் பாசம் என்று எடுத்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரம் வெளியே இருங்கள், பேசிவிட்டுக் கூப்பிடுகிறோம் என்று பொறியாளர் அம்மா சொன்னார்.

வெளியே அவன் இரண்டு காகிதக் கோப்பைகளில் டீ வாங்கி வைத்துக்கொண்டு நின்றான். ஒன்றை அவள் கையில் திணித்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டாலும் சந்தோஷத்தை அவனால் தாழ்த்த முடியவில்லை. இன்னொரு இடம் இருப்பதாக ஜாடையாகச் சொன்னார்களாம். இரண்டு பேரையும் எடுத்தாலும் எடுப்பார்களாம். அவனுக்கு இருப்புக் கொள்ளாமல் அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லியும்விட்டான். அவன் அம்மாவின் குணம்தான் தெரியுமே, அதற்குள் மகளிடம் சொல்லிவிட்டார்; மகள், அப்படியென்றால் அம்மா தினமும் வீட்டிலேயே தூங்குவாளா என்று கேட்டிருக்கிறாள்.

“என்னப் பத்தி ஏதாவது கேட்டாங்களா?” என்றான்.

டீ சுட்டது. அவள் கோப்பையைக் கீழே வைக்கவில்லை. ஒன்றும் கேட்கவில்லை என்று பூசி மெழுகிவிடலாம். இந்த ஒரு நாளில் அவன் பொய் சொல்லவில்லை, அவளும் சொல்லக் கூடாது என்று நினைத்தாள். அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

“கேட்டாங்க. நீ அந்தக் கதைய சொல்லியிருப்பேன்னு பயந்துட்டேன். அவருக்குப் பேச மட்டும்தான் வரும், வேலையெல்லாம் நான்தான், தனியா விட்டா ஒண்ணும் வராதுன்னு சொல்லிட்டேன். அப்புறம் மாத்திச் சொன்னேன், அவங்க நம்பல.”

அவன் கோபப்படுவான் என்று எதிர்பார்த்தாள். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அதற்குள்ளேயே பார்த்தான்.

“பயத்துல ஆயிரம் சொல்லலாம்” என்றான் மெதுவாக. “ஆனா இது யோசிச்சு வச்ச மாதிரி இருக்கே. என்னப் பத்தி எப்பலேர்ந்து இப்படி நெனைக்கற?”

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் எப்போதிலிருந்து என்று அவளுக்கே தெரியவில்லை. நேற்றில்லை, இன்றைக்கில்லை என்பது மட்டும் தெரிந்தது.

கதவு திறந்தது. அலுவலக உதவியாளர் எட்டிப் பார்த்தார். பழக்கதோஷத்தில் இருவருமே எழுந்தார்கள். அவன் சட்டையைக்கூட இழுத்துவிட்டுக்கொண்டான்.

“மேடம் மட்டும் வாங்க” என்றார் உதவியாளர். “சார் கிளம்பலாம்னு சொன்னாங்க.”

அவள் நகரவில்லை. அவன்தான் அவள் கையிலிருந்த கோப்பையை வாங்கிக்கொண்டான்.

“போ. அவங்கள காக்க வைக்காத” என்றான்.

அவன் கேட்டதற்குப் பதில் சொல்லாமலே அவள் உள்ளே போனாள்.