புல்மேட்டில் இரண்டு படகுகள்

அகலமான படகில் என்ன குறை என்று எனக்குப் பிடிபடவே இல்லை.

அறுபத்தோராம் ஆண்டு அது. இலங்கை மலைநாட்டில் நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்தில், தேயிலை அரைக்கும் ஸ்டோரில் மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் பிட்டர் நான். தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரை அடுத்த வருடம் வேலையை விட்டு இங்கிலாந்து போவதாக இருந்தார். போனதும் ஒரு பாய்மரப் படகு வாங்கி, வேறு ஆள் இல்லாமல் அவர் மனைவி துரைசாணியும் அவருமாகக் கடல் கடலாகச் சுற்றுவது என்று திட்டம். ஒரே அச்சில் வார்த்துப் படகு விற்கும் கம்பெனிகள் அப்போதுதான் வரத் தொடங்கியிருந்தன. அப்படிப்பட்ட இரண்டு படகுகளின் வரைபடங்கள் துரையிடம் இருந்தன. ஒன்று அகலம், மற்றது ஒடுக்கம். கப்பலில் வேலை பார்த்த அவருடைய சிநேகிதர், "இரண்டு பேர்தான் என்றால் ஒடுக்கமானதை வாங்கு" என்று எழுதியிருந்தார். ஏன் என்று எழுதவில்லை.

தேயிலைப் பெட்டிகள் லொறியேறிப் போய்விட்டதால் பொதி கட்டும் அறை காலியாகக் கிடந்தது. அதன் சிமெந்துத் தரையில் இரண்டு படகுகளின் உள்பக்கத்தையும் நிஜ அளவிலேயே சுண்ணாம்பால் வரைந்தேன். அடுப்பு, மேசை, படுக்கை எல்லாவற்றுக்கும் வெறும் பெட்டிகளை வைத்தேன். அந்தப் பெட்டிகளின் ஈயத்தாள் வாசனை இப்போதும் எங்கிருந்தோ வந்து போகிறது.

அகலமானதில் ஐந்து பேர் படுக்கலாம். நடுவே ஐந்தடி இடம், இரண்டு பேர் தோள் உரசாமல் போகலாம். ஒடுக்கமானதில் நடுவே இரண்டடிதான். துரை அதற்குள் நுழைந்து பெட்டியில் இடித்துக்கொண்டு, "இது போட்டா, சோலைமலை? கோழிக்கூடு!" என்றார்.

துரைசாணி சிரிக்கவில்லை. ஒருமுறை திருகோணமலையில் இரவல் படகில் போனபோது உள்ளே விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டவர் அவர். சமையல்காரியிடம் தமிழ் படித்ததால் அவருக்கு எல்லாரும் 'நீ'தான். எனக்கும் தெரியட்டும் என்றோ என்னவோ, அதைத் தமிழிலேயே சொன்னார்.

"நான் தனியா நிக்க முடியாத போட்டுல வரமாட்டேன். நீ போட்டுல போ. நான் வீட்டுல இருக்கேன்."

படகுக் கம்பெனிக்கு எழுத வேண்டிய கடிதம் மறுநாள் ஹட்டன் தபாலில் போயாக வேண்டும்.

துரைசாணி சொன்னதில் நியாயம் இருந்தது. இரண்டே பேர் போகிற படகில் ஒருவர் சுக்கான் பிடிக்க, மற்றவர் தூங்குவார். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்வார்கள். ஆக, படகுக்குள் நடமாடுகிறவர் எப்போதும் ஒற்றை ஆள்தான். கை கொடுக்க யாரும் இல்லை.

அப்போது என் மனைவி அம்மாக்கண்ணு எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். கொழுந்துக் கூடை இன்னும் முதுகில் தொங்கியது.

"என்னங்க, பெட்டிய வச்சு வீடு கட்டி வெளாடுறீங்களா?"

"போட்டு புள்ள. தொரையும் தொரசாணியும் போகப்போற போட்டு."

"தண்ணில ஆடாதுங்களா?"

"ஆடும்," என்றார் துரை. "காத்து அடிச்சா ஒரு பக்கம் சாஞ்சே போகும். ரெண்டு நாள், மூணு நாள் அப்பிடியே." உள்ளங்கையைச் சாய்த்துக் காட்டினார்.

"ஐயோ, அது நாங்க கொழுந்து எடுக்கிற அஞ்சாம் நம்பரு மலை மாதிரிங்க! அப்பறம் சமதரையில நடந்து பாத்து என்னங்க பண்ணப்போறீங்க?" கூடையை இறக்கி வைத்தாள். "தொரைங்களே, நாங்க எங்க வழுக்கி விழுவோம் தெரியுங்களா? புதுசா நட்ட மலையிலதான். செடி எட்ட எட்ட இருக்கு, பிடிமானம் இல்ல. அஞ்சாம் நம்பரு அதவிடச் செங்குத்து. மழையிலகூட ஒருத்தி விழுந்ததில்ல. விழ எடம் ஏதுங்க? இந்தப் பக்கமும் செடி, அந்தப் பக்கமும் செடி. இடுப்பு நடுவுல மாட்டிக்கிதுல்ல?"

எனக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. பதினெட்டு வருடம் மட்டப்பலகையோடு வேலை பார்த்தவன் நான். சாய்ந்து ஓடும் சாமானைச் சமதரையில் வைத்து அளந்திருக்கிறேன்.

பெட்டிகளை ஸ்டோருக்குப் பின்னால் இருந்த புல்மேட்டுக்குச் சுமந்தோம். படகு பக்கவாட்டில் சாய்வதால், அதன் நீளம் மலையைச் சுற்றிப் போகும் பாதை போலவும், சரிவு அதற்குக் குறுக்காகவும் அமைய வேண்டும். அப்படியே கயிறு கட்டி, பெட்டிகள் உருளாமல் முளை அடித்தேன். துரைக்கு ஒரே வேலைதான், படுத்துக் கண்ணை மூடுவது.

முதலில் அகலமான படகு. துரைசாணி தண்ணீர்க் கேத்தலோடு நடுவில் வந்தார். எட்டிப் பிடிக்க ஒன்றும் இல்லை. கால் வழுக்கி உட்கார்ந்தார். கேத்தல் உருண்டது. துரை துள்ளி எழுந்தார்.

"நீ தூங்குறே! படு!" என்று அதட்டினார் துரைசாணி.

அம்மாக்கண்ணு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அன்று அவள் சிரித்த சிரிப்பை நினைத்தால், யூகலிப்டஸ் மூடிவிட்ட அந்த மேடு திரும்பவும் வெறும் புல்லாகத் தெரிகிறது.

அடுத்தது ஒடுக்கமானது. கேத்தலை நிரப்பிக் கொடுத்தேன். துரைசாணி இடுப்பைக் கீழ்ப்பக்கத்துப் பெட்டியில் சாய்த்து, ஒரு கையால் மேல்பக்கத்துப் பெட்டியைப் பிடித்து, அடி அடியாக நடந்தார். அடுப்புவரை போய்த் திரும்பியும் வந்தார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. இன்னொரு தரம் போனார், யாரும் சொல்லாமலே.

ஆனால் மேல்பக்கப் படுக்கையில் கிடந்த துரை அதற்குள் இரண்டு முறை கீழே உருண்டிருந்தார். படுக்கையின் திறந்த பக்கத்தில் ஒரு சாக்குப் படங்கைத் தடுப்புத் துணியாக இழுத்துக் கட்டினேன். தொட்டிலில் கிடப்பதுபோல் அடங்கிவிட்டார்.

"இப்ப?" என்றார் துரை, படங்குக்கு மேல் தலையை மட்டும் தூக்கி.

"இப்ப நானும் வாரேன்," என்றார் துரைசாணி.

மறுநாள் தபாலில் போன கடிதத்தில் இருவருமே கையெழுத்துப் போட்டார்கள். அதில் எழுதியிருந்தது இதுதான்: ஒடுக்கமான படகு வேண்டும், நடைபாதை இரண்டடிக்கு மேல் கூடாது, நிற்பவருக்கு இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பிடிமானம் எட்ட வேண்டும், ஒவ்வொரு படுக்கையின் திறந்த பக்கத்திலும் படங்குத் தடுப்பு கட்ட வேண்டும்.