நாற்பத்து மூன்று வரியிலும் அண்ணன்

பழைய சர்வரை மாலை ஐந்து மணிக்கு நிறுத்தப் போகிறார்கள். அதிலிருக்கும் குழுக் கோப்பைப் புது சர்வருக்கு மாற்றுமுன், வேலையில் இருப்போர் பட்டியலோடு ஒப்பிட்டு, ஆளில்லாத குழுக்களை நீக்கும் நிரல் ஒன்றை சி மொழியில் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. எந்தக் குழுவில் யார் யார் என்று வரிக்கு வரி எழுதியிருக்கும் கோப்பு அது. அதைப் பார்த்துக்கொண்டவன் என் அண்ணன். போன மாதம் செத்துப்போனான்.

"இனி என் முகத்துல முழிக்காதே" என்று வீட்டில் நான் கத்தியதுதான் எங்கள் கடைசிப் பேச்சு. அதற்குப் பிறகுதான் இதே ஆபீஸில் எனக்கு வேலை கிடைத்தது. இரண்டு வருஷம் ஒரே கேன்டீனில் முறைத்துக்கொண்டே சாப்பிட்டோம். வீம்பில் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை.

நிரலை ஓட்டினேன். நாற்பத்து மூன்று குழுக்கள். நாற்பத்து மூன்றிலும் அவன் பெயர். அச்சுப் பிரிவில் அவன், கிடங்கில் அவன், வரவேற்பறையில் அவன். மறுபடி ஓட்டினேன், மறுபடியும் அவனே.

"என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி உட்கார்ந்திருக்க?" என்றார் மேலாளர்.

"சின்னப் பிழை சார்."

"வேலையில ஒரே ஒருத்தர் இருந்தாலும் அந்தக் குழுவைத் தொட்டுடாதே."

பிழை பிடிபட்டது. வரிகளைப் படித்துத் தரும் ஃபங்ஷன் எல்லாவற்றையும் ஒரே இடத்தில்தான் வைக்கும். முந்தையதை அழித்துவிட்டு அடுத்தது உட்காரும். நான் குழுப் பெயரை நகலெடுத்துவிட்டு, ஆட்களை நகலெடுக்காமல் அந்த இடத்தை மட்டும் நாற்பத்து மூன்று தடவை குறித்து வைத்திருந்தேன். கோப்பின் கடைசி வரி, தன் கோப்புகளை யார் யார் திறக்கலாம் என்று அவன் போட்டுக்கொண்ட குழு. அவ்வளவுதான் பேய். ஆனாலும் திருத்தக் கை வரவில்லை. திருத்தினால் ஒரு வரியாகிவிடுவான். பிறகு அதுவும் போய்விடும்.

திருத்தினேன். முதல் ஆளை மட்டும் காட்டிக்கொண்டிருந்ததையும் மாற்றி, எல்லாரையும் காட்டச் செய்தேன். வரிகள் அவரவர் பெயரோடு வந்தன. ஆளில்லாதவற்றுக்கு எதிரே 'நீக்கு' என்று வந்தது. கடைசி வரி வரும்போது கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தால், அவன் பெயருக்குப் பக்கத்தில் என் பெயர். நான் இங்கே சேர்ந்த அன்று சர்வரில் எனக்குக் கொடுத்த பெயர். சண்டை நடந்தபோது அது கிடையவே கிடையாது. அதற்கப்புறம்தான் சேர்த்திருக்கிறான். அவன் கோப்புகள் அத்தனையும் எனக்குத் திறந்தே கிடந்திருக்கின்றன. பாவி, ஒரு வார்த்தை சொன்னானா? நானாவது கேட்டேனா?

எதிரே நிரல் காட்டியது: 'நீக்காதே. ஒருவர் இருக்கிறார்.'