பின்னால் வந்த வெளிச்சம்

மலை மேலிருந்த விடுதியில் திரைச்சீலைகளை மாட்டிக் கொடுத்துவிட்டு, தையல்காரியும் அவள் நாத்தனாரும் காரில் மலையிறங்கிக்கொண்டிருந்தார்கள். மத்தியானம்தான், ஆனால் பனிமூட்டம் சாலையை விழுங்கியிருந்தது. தையல்காரி விளக்கைத் தாழ்த்தி, இரண்டாம் கியரில் ஊர்ந்தாள்.

"ஜன்னலைச் சாத்துங்க அண்ணி, காது விறைக்குது."

"டயர் சத்தம் கேக்கணும். சத்தம் நின்னா கீழே ஐஸ்."

போன குளிர்காலத்தில் இதே இறக்கத்தில்தான் தையல்காரியின் கணவன் செத்துப்போனான். முன்னால் போன லாரியின் சிவப்பு விளக்கையே பார்த்து ஓட்டியிருக்கிறான். லாரி கல்குவாரிப் பாதையில் திரும்ப, சாலைதான் வளைகிறது என்று நம்பித் திரும்பியவன் பள்ளத்தில் விழுந்தான். பின்னால் ஒருவன் வந்ததே லாரிக்காரனுக்குத் தெரியாது.

பின்னால் பார்க்கும் கண்ணாடியில் இரண்டு மங்கல் வெளிச்சங்கள் தெரிந்தன. அவள் வேகத்தைக் குறைத்தால் அவையும் குறைத்தன.

"யாரோ நம்மள நம்பி வர்றாங்க. மண்குதிரையை நம்பி ஆத்துல இறங்கின கதைதான்" என்று சிரித்த நாத்தனார், சொன்னது உறைத்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

தையல்காரி மறுபடி கண்ணாடியைப் பார்த்தாள். இன்றைக்கு லாரிக்காரன் இடத்தில் அவள் இருந்தாள்.

டயர் சத்தம் சட்டென்று அடங்கியது. அவள் பிரேக்கைத் தொடவில்லை. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தாள். கார் மிதந்தது. மறுபடி கரகரப்பு கேட்டதும், அகலமான ஓரம் பார்த்து ஒதுக்கி நிறுத்தினாள். பின்னால் வந்த வெளிச்சமும் நின்றது.

"ஒரு வார்த்தை சொல்லிட்டு வரேன்" என்று இறங்கினாள்.

கண்ணாடியில் பக்கத்தில் தெரிந்த வண்டி நடக்க நடக்க வரவில்லை. ஒருவழியாக ஒரு சின்னக் கார் தட்டுப்பட்டது. உள்ளே நர்ஸ் உடுப்பில் ஓர் இளம்பெண்.

"யார் லைட்டையும் நம்பி வராதீங்கம்மா. ஓரத்துக் கோட்டைப் பாத்து ஓட்டுங்க."

"நான் உங்களைப் பாக்கவே இல்லையேக்கா. எனக்கு முன்னால ஒரு வண்டி வந்துச்சு. அது நின்னுதேன்னுதான் நானும் நின்னேன்."

தையல்காரி திரும்பிப் பார்த்தாள். அவள் நடந்து வந்த வழியில் இடையே வேறு வண்டி எதுவும் இல்லை, வெறும் உறைபனிதான்.

அதற்குள் நாத்தனாரும் வந்துவிட்டாள். "என்ன கலர் வண்டி?" என்றாள் நர்ஸிடம்.

"கேக்காதே" என்றாள் தையல்காரி.

மூவரும் நர்ஸின் காரிலேயே உட்கார்ந்து, மூட்டம் விலகும்வரை காத்திருந்தார்கள். பிறகு நர்ஸ் வணக்கம் சொல்லி முன்னால் போனாள். தையல்காரி தன் வண்டியில் ஏறியும் கிளப்பவில்லை.

"போலாமா அண்ணி?"

"கொஞ்சம் இரு. போறவங்க போகட்டும்."

சாலை காலியாகத்தான் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்த நாத்தனார், அண்ணன் செத்த அன்று அழாத அழுகையை அப்போது அழுதாள். தையல்காரி அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

வீடு வந்து சேர்ந்தார்கள். அன்று வாசல் கதவைத் தாழ்போட இருவருக்குமே மனம் வரவில்லை.