‘சேமிக்கப்பட்டது’ என்றது திரை

எங்கள் பழைய காகித ஆலையில் அழுத்து இயந்திரத்துக்குச் சொந்த மூளை கிடையாது. தனி மின் இணைப்பில் ஓடும் மாடி அறைக் கணினியில் ஒரு கோப்பு இருக்கிறது. அதில் ‘ஓடு’ என்றிருந்தால் நிமிடத்துக்கு ஒரு முறை இரும்புப் பலகை இறங்கிக் காகிதத்தை நசுக்கும். ‘நில்’ என்று மாற்றிச் சேமித்தால் நிற்கும். உள்ளே கம்பி சிக்கினால் மெயின் சுவிட்சை இழுத்துவிட்டு இறங்குவதுதான் முறை. ஆனால் மெயினை இழுத்தால் ஆலை முழுக்க நின்றுவிடும், முதலாளி தையா தக்கா என்று குதிப்பார். அதனால் என் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, மாடியில் கோப்பை மாற்றிவிட்டுக் குரல் கொடுப்பான். என் தம்பி இறங்குவான்.

அன்றைக்கும் குரல் கொடுத்தான். "சேவ் ஆயிடுச்சு, இறங்கு!"

தம்பி தோள் வரை கையை விட்டுக் கம்பியை இழுத்துக்கொண்டிருந்தான். பலகை இறங்கியது. "அண்ணே" என்றான். அதற்குமேல் வந்தது மனிதக் குரலாக இல்லை. நான் மெயினை இழுப்பதற்குள் முழங்கைக்குக் கீழே எதுவும் மிச்சமில்லை. அவனை, சேதி கேட்டு ஓடிவந்த அவன் மனைவியோடு ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டு, ஸ்பானரோடு மாடி ஏறினேன்.

மச்சானிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முதல் அடியில் பல் தெறித்தது. அடுத்தது காதோரம். "மாத்திட்டேன் அத்தான், சேமிக்கப்பட்டதுன்னு காட்டுச்சு அத்தான்" என்று ரத்த வாயோடு அதையே சொன்னான். புளுகுகிறான் என்று எனக்கு வெறி இன்னும் ஏறியது. வாசலில் நின்ற முதலாளி தடுக்கவில்லை.

"போலீஸ் வருது. இவன் தூங்கிட்டான்னு சொல்லிடு, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்" என்றார்.

குரல் கொடுத்தவன் எப்படித் தூங்கியிருப்பான்? அப்போதுதான் என் கை நின்றது.

"என் கண்ணு முன்னாடி மாத்துடா."

மாற்றிச் சேமித்தான். திரையின் அடியில் பச்சையாக வந்தது: சேமிக்கப்பட்டது. கோப்பை மூடித் திறந்தான். ‘ஓடு’ என்றே இருந்தது.

"டிஸ்க்ல இடமில்லேன்னா அது அப்படித்தான் காட்டும்" என்று முதலாளி உளறினார். "மூடித் திறந்து பாக்கணும். போன மாசமே கம்ப்யூட்டர்காரங்க சொன்னாங்களே..."

"யார்கிட்ட சொன்னாங்க?"

அவர் படிக்கட்டுப் பக்கம் நகர்ந்தார். சட்டையைப் பிடித்துப் படிக்கட்டில் தரதரவென்று இழுத்து வந்தேன். மூக்கு உடைந்தது, உடையட்டும். அவர் கையை இயந்திரத்துக்குள் தோள் வரை திணித்து, முதுகில் முழங்காலை ஊன்றி, மெயினைப் போட்டேன்.

"மச்சான், மாத்தி சேவ் பண்ணு! திறந்து பாக்காதே!"

"மெயினை அணைய்யா! உன் காலைப் பிடிக்கறேன்!"

"எதுக்குங்க? ஆலை நின்னுடுமே."

மாடியிலிருந்து மச்சானின் அழுகுரல் வந்தது. "சேமிக்கப்பட்டதுன்னு வந்துடுச்சு அத்தான்!"

பலகை இறங்கியது. முதலாளி என் தம்பியைப் போலவே அலறினார். விரலை அது தொட்டதும் மெயினை இழுத்தேன். அவர் கை முழுசாக வெளியே வந்தது.

அவரை விட்டு எழுந்திருக்காமலேயே சுவிட்ச் எனக்கு எட்டியிருந்தது. தம்பி இறங்கியபோதும் நான் அதே இடத்தில்தான் நின்றிருந்தேன்.