பிராது வாபஸ்

சங்கராபுரத்தில் ஏறியதிலிருந்து சீட்டு மாறி மாறி உட்கார்ந்துகொண்டிருந்தேன். கண்டக்டர் முறைத்தார். முறைக்கட்டும். உடம்பு ஓரிடத்தில் நிலைகொள்ள மாட்டேன் என்கிறது, நான் என்ன செய்ய?

நேற்று சந்தியாவின் போனில், வளைகுடா நாட்டுக் கோர்ட்டின் முன்னால், என் புருசனைக் குத்திக் கொன்றவனை மன்னித்துவிட்டதாகச் சொன்னேன். ஜீவாவும் அந்த ரஃபீக்கும் ஒரே ரூமில் தங்கியிருந்தவர்கள். யார் முதலில் சமைப்பது என்று சண்டை. அந்த ஊர்ச் சட்டப்படி, செத்தவனின் வாரிசுகளில் ஒருவர் மன்னித்தாலே கொன்றவனின் தலை தப்பும். ஜீவாவுக்கு அப்பா அம்மா இல்லை, எங்களுக்குப் பிள்ளையும் இல்லை, கூடப்பிறந்தவன் மன்னிக்க மாட்டான். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

சந்தியா, உலகத்தில் எங்கேயும் மரண தண்டனை கூடாது என்கிற சங்கத்துக்காரி. "ரஃபீக்க வுட்டுடச் சொல்லி ஏழெட்டு நாட்டுலேர்ந்து எழுதியிருக்காங்கக்கா" என்றாள் முதல்முறை வந்தபோது.

"எம் புருசன் குத்துப்பட்டுக் கெடந்தப்போ அவுங்கள்லாம் இன்னா பண்ணிக்கினு இருந்தாங்க?" என்று கேட்டேன். பதில் தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டாள். அதனால்தான் அவளை மறுபடியும் வீட்டுக்குள் விட்டேன்.

பிறகு ஒருநாள் ரஃபீக்கின் அம்மாவை வீடியோவில் காட்டினாள். வங்காளதேசத்தில் ஏதோ கிராமம். பேச்சு ஒன்றும் புரியவில்லை. முகத்தைத் துடைத்தபோது பார்த்தேன், விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண். நடவு நடுகிற கை. எனக்கும் அதே இடத்தில் உண்டு. அதைப் பார்த்ததும் அவள்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

சரி, மன்னித்தாகிவிட்டது. பிராது? ஜீவா பெட்டியில் வந்து இறங்கிய மாதம், விருத்தாசலம் பக்கத்துக் கொளஞ்சியப்பர் கோயிலில் சாமிக்குப் புகார்ச் சீட்டு நானே எழுதி முனியப்பர் சூலத்தில் கட்டினேன், கொன்றவன் உயிரை எடு என்று. கோர்ட்டு விட்டாலும் சாமி விடுமா? அதை வாபஸ் வாங்கத்தான் கிளம்பியிருந்தேன்.

கள்ளக்குறிச்சியில் பஸ் மாறும்போது கொழுந்தன் தங்கதுரை போன் செய்தான். "யாரக் கேட்டு மன்னிச்சீங்க அண்ணி? எங்கண்ணன் உசுரு அவ்ளோ கம்மியா? பிராதயாவது அப்புடியே வுட்டுடுங்க. சாமி பாத்துக்கட்டும்."

அந்தப் பேச்சு என்னை ஆட்டிவிட்டது. ஊருக்கு மன்னித்தவளாகவும் இருக்கலாம், அவன் சாகவும் சாவான். ஒரு பஸ்ஸை விட்டேன். அடுத்ததில் அந்த விரல்களை நினைத்துக்கொண்டே ஏறினேன்.

கோயிலில் மனு எழுதித் தருகிற பெரியவர், "எதிராளி பேரு, அம்மா பேரு, ஊரு சொல்லும்மா" என்றார்.

"கட்டும்போது பேரே எழுதலைங்க. கொன்னவன்னுதான் எழுதினேன்."

"இப்ப எழுதணும். இல்லாங்காட்டி யார வுடறதுன்னு சாமிக்கு எப்புடித் தெரியும்?"

சந்தியாவுக்குப் போன் போட்டேன். "அவன் அம்மா பேரு இன்னா?"

"அவங்களயே சொல்லச் சொல்றேன்க்கா" என்றாள்.

ஒரு குரல்பதிவு வந்தது. பின்னால் மோட்டார் ஓடுகிற சத்தம். "ரொக்கேயா" என்றது அந்தக் குரல். பிறகு மூச்சு மட்டும் கேட்டது. பெரியவர் நீட்டிய பேனாவை வாங்கி நானே எழுதினேன். முனியப்பர் சூலத்தில் யார் யாரோ கட்டிய சீட்டுகள் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தன. என்னுடையது எதுவென்று தெரியவில்லை.